மாப்பிள்ளையிடம் தோற்பது எப்படி

சீட்டைப் பிரித்து மைக்கில் படித்தவர் காளியண்ணன். வெள்ளக்கடை இளைஞர் மன்றத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைவர். இளைஞர் என்ற சொல்லுக்கும் அவருக்கும் எப்போதோ சம்பந்தம் விட்டுப்போயிருந்தது என்றாலும், மைக்கை வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"டர்போ வண்டிப் பிரிவு, மொத ஜோடி. ஒண்டிக்கடை மாதேஷ், செவப்பு வண்டி. எதுத்து ஓட்டுறவரு குப்பனூர் சக்திவேல், வெள்ளை வண்டி. மூணு ஓட்டம், ரெண்டு செயிச்சவங்க அடுத்த சுத்துக்குப் போலாம்."

மாதேஷ் குடித்துக்கொண்டிருந்த டீ பாதியிலேயே நின்றுவிட்டது. வந்திருந்த வண்டிகள் ஆறு. ஆறில் ஐந்து பேர் எதிராளியாக வரலாம். அந்த ஐந்து பேரில் போயும் போயும் சக்திவேல் பெயர்தான் அவன் சீட்டோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டுமா?

சக்திவேல் வேறு யாருமில்லை. மாதேஷின் தங்கை வெண்ணிலாவைக் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை. புதன்கிழமை நிச்சயதார்த்தம். இன்றைக்கு ஞாயிறு.

அப்பா போனபின் வீட்டுக்கு ஆம்பிளை என்று மாதேஷ் ஒருவன்தான். வெண்ணிலாவுக்கு இதற்கு முன் இரண்டு இடம் வந்து, இரண்டும் முறிந்துபோயின. முதல் இடம் காப்பியால் போயிற்று. காப்பி எஸ்டேட்டிலேயே குடியிருந்துகொண்டு இப்படி ஒரு காப்பியா என்று மாப்பிள்ளையின் பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குமேல் எதையும் கையில் எடுக்கவில்லை. இரண்டாவது இடம் மாதேஷின் வாயால் போயிற்று. அந்த மாப்பிள்ளை புதிதாக ஒரு பழைய கார் வாங்கி, அதிலேயே பெண் பார்க்க வந்திருந்தான். ஒர்க்ஷாப் வைத்திருப்பவனின் காது சும்மா இருக்குமா? அரை நிமிடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது வெள்ளத்தில் முங்கி எழுந்த வண்டி என்று மாதேஷ் அத்தனை பேர் நடுவிலும் சொல்லிவிட்டான். சொன்னது நிஜம். ஆனால் வந்தவர்கள் கேசரியைக்கூடத் தொடாமல் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அம்மா வீராயி ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. வெண்ணிலா மட்டும் "சரி உடுண்ணா" என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை. அந்த இரண்டு வார்த்தை இன்னும் அவன் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே மூன்றாவது இடம் வந்தபோது அவன் வாயைக் கட்டிக்கொண்டான். சக்திவேல் வீட்டார் குப்பனூர் ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவர்கள். நல்ல பையன். மூன்று முறை வந்தான், போட்டதைச் சாப்பிட்டான், சிரித்துப் பேசினான். மாதேஷைப் போலவே வண்டிப் பைத்தியம். அவன் வைத்திருந்த வெள்ளைக் காரின் சைலன்சரைப் பற்றி மாதேஷுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. அதை வெளியே விடாமல் கேசரியோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

மாதேஷின் சிவப்பு வண்டியும் சாதாரணப்பட்டது இல்லை. பெங்களூர்க்காரர் ஒருவர் கொண்டை ஊசி வளைவில் சுவரோடு மோதி, இனி ஆகாது என்று விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார். அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஜீப் வேலைகளுக்கு நடுவில் மூன்று வருடம் கட்டி எழுப்பினான். பெரிய டர்போ போட்டான். கோயமுத்தூரிலிருந்து ஆளை வரவழைத்து, லேப்டாப்பை மாட்டி எஞ்சினை முறுக்கேற்றினான். தார் ரோட்டில் ஆக்சிலேட்டரை அமுக்கினால் முன்னால் உட்கார்ந்திருப்பவனின் தலை சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சத்தம் கேட்டால் ஒண்டிக்கடையில் நாய்கூட ரோட்டைக் கடக்காது.

ஆனால் இன்றைக்கு ஓட்டப் போவது தாரில் இல்லை. இரண்டு வருடம் தார் ரோட்டில் நடத்தியதில் காளியண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள் உட்கார வேண்டியிருந்தது. அதனால் இந்த வருடம் ஒரு எஸ்டேட்காரரிடம் கெஞ்சி, அவருடைய புல் மைதானத்தை வாங்கியிருந்தார். இருநூறு மீட்டர் நீளம், நடுவில் ஒரு கயிறு, அந்தப் பக்கம் ஒரு தடம், இந்தப் பக்கம் ஒரு தடம். மூன்று நாள் ஐப்பசி மழையில் புல் முழுக்க ஊறி, அதன் கீழே செம்மண் குழைந்து கிடந்தது. செருப்புப் போட்டு நடந்தவர்கள் எல்லாம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீராயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தாள்.

"கேட்டுச்சா சாமி?"

"கேட்டுதும்மா."

"நோவாம தோத்துப்போட்டு வந்துரு. சம்பந்தி ஊட்டு சனம் பதினாலு பேரு வேன் புடிச்சு வந்திருக்குது. மாப்பிள்ளை மூஞ்சி வாடுச்சுன்னா அப்பறம் புதங்கெழமை நம்ம மட்டுந்தான் உக்காந்து தாம்பூலம் மாத்திக்கோணும்."

"வேணும்னே தோத்தாத் தெரிஞ்சுபோகும்மா."

"தெரியாத மாதிரி தோத்துக்கோ. அதக்கூட உனக்கு நாஞ் சொல்லித் தரோணுமா?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மாதேஷ் தங்கையைத் தேடினான். மைதானத்து ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் வெண்ணிலா தனியாக நின்றிருந்தாள். கையில் போன், தலை குனிந்திருந்தது. பாவம், எவ்வளவு பயந்திருக்கிறாளோ என்று நினைத்தான். இந்த ஒரு இடமாவது தன்னால் கெட்டுப்போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

முதலில் அவனுக்குத் தோன்றிய யோசனை ஓட்டாமலே இருந்துவிடுவது. வண்டி ஓடினால்தானே ஜெயிப்பதும் தோற்பதும்? காளியண்ணனிடம் போய், கிளட்ச் தீய்ந்த வாடை வருகிறது, என்னை விட்டுவிடுங்கள் என்று காதோடு காதாகச் சொன்னான். காளியண்ணனுக்குக் காதோடு காதாக எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. சக்திவேலோடு ஓட்ட மாதேஷுக்கு விருப்பமில்லையாம் என்று மைக்கில் அறிவித்துவிட்டார்.

அடுத்த நிமிடமே சக்திவேலின் தாய்மாமன் வேடியப்பன் எதிரில் வந்து நின்றார். நூற்றுப் பத்துக் கிலோவுக்குக் குறையாத உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

"ஏனுங்க தம்பி, எங்க பையனோட ஓட்டுறது உங்குளுக்குக் கவுரவக் கொறச்சலுங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க மாமா. கிளட்ச்சு லேசா வாடை அடிச்சுதுங்க. இப்ப நின்னுபோச்சுங்க."

ஓட்டாமல் தப்பிக்கும் வழி அதோடு அடைபட்டது.

இனி ஓட்டித்தான் தோற்கவேண்டும். சரி, அதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு மாதேஷ் கோட்டில் போய் நின்றான். பச்சைக் கொடி இறங்கியதும் மனசுக்குள் மூன்று எண்ணுவது, முதல் கியருக்குப் பதில் தவறிப்போய் விழுந்த மாதிரி இரண்டாவது கியரில் எடுப்பது, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருப்பது. அதற்குள் சக்திவேல் கோட்டைத் தாண்டிக் கையசைத்துக்கொண்டிருப்பான்.

மாப்பிள்ளை வீட்டு சனம், பையன் கிளம்புவதைப் போட்டோ எடுக்க வசதியாக இருக்கும் என்று வெள்ளை வண்டிக்கு நேர் பின்னால் வரிசை கட்டி நின்றிருந்தது. பட்டுச்சேலைகள்தான் அதிகம்.

கொடி இறங்கியது. சக்திவேல் முதல் கியரில் போட்டு ஒரே மிதியாக மிதித்தான். டர்போ ஊளையிட்டது. பின்சக்கரம் இரண்டும் சுற்றின சுற்றில் செம்மண் குழம்பு வாரியடித்துப் பின்னால் பறந்தது. போட்டோ எடுத்த போன்கள் எல்லாம் ஒரே நொடியில் சிவப்பாயின. வேடியப்பன் மாமாவின் வேட்டியில் வெள்ளை என்று சொல்ல ஒரு உள்ளங்கை அளவு இடம் மிச்சமிருந்தது. இவ்வளவும் நடந்து முடிந்தபோது வெள்ளை வண்டி முன்னால் நகர்ந்திருந்தது ஒரு முழம்.

மாதேஷ் நிதானமாக மூன்று எண்ணி முடித்துவிட்டு, இரண்டாவது கியரில், பூப்போல வண்டியை எடுத்தான். அது வழுக்காமல், திணறாமல், பால் வண்டி மாதிரி போயிற்று. ஐம்பது மீட்டர் போனபின் கண்ணாடியில் பார்த்தான். வெள்ளை வண்டி அங்கேயேதான் உறுமிக்கொண்டிருந்தது. இன்னும் மெதுவாகப் போனான். மறுபடி பார்த்தான். யாரும் வருகிற வழியாக இல்லை. நின்றுவிட்டால் வேண்டுமென்றே நிற்பது தெரிந்துபோகும். வேறு வழியில்லாமல் கோட்டைத் தாண்டினான்.

"என்ன நிதானம், என்ன நிதானம்" என்று மைக்கில் காளியண்ணன் உருகினார்.

கோட்டைத் தாண்டிய பிறகுதான் மாதேஷுக்குத் தன் மடத்தனம் உறைத்தது. மழைக்காலத்தில் எஸ்டேட் ஜீப்பைச் சேற்றிலிருந்து எடுக்க அவன் தினமும் செய்கிற வேலை அதுதான். இரண்டாவது கியர், லேசான மிதி. வழுக்குகிற தரையில் பலத்தைக் காட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அடக்கி வாசித்தால்தான் பிடி கிடைக்கும். பத்து வருடமாகத் தெரிந்த விஷயம், தோற்கப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டது.

மரத்தடியில் வெண்ணிலா போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அண்ணனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கும் தைரியம் இல்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு அவன் கணக்கைத் திருப்பிப் போட்டான். மாப்பிள்ளை செய்ததையே செய்யவேண்டும். முதல் கியர், அடிவரைக்கும் மிதி. நின்ற இடத்தில் குழி தோண்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். மாப்பிள்ளை இம்முறை சுதாரித்துக்கொண்டு மெதுவாக எடுப்பான், ஜெயிப்பான்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது மரியாதை. வேடியப்பன் மாமா தலையிலிருந்து கால்வரை சேறாக, யாரோடும் பேசாமல் நின்றிருந்தார். இத்தனைக்கும் சேறு அடித்தது அவருடைய அக்கா மகன் வண்டி. ஆனாலும் அது பெண் வீட்டார் ஊரின் மண்தானே. அவரை அப்படியே விட்டால் புதன்கிழமைக்கு ஆகாது என்று மாதேஷுக்குப் பட்டது. அவரிடம் போய், மாமா, ஒரு ரவுண்டு எங்க வண்டியில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டான். ஆள் பாரம் ஏறினால் வண்டி இன்னும் மெதுவாகும் என்றும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

மாமா முதலில் முறுக்கிக்கொண்டார். இரண்டாம் முறை கூப்பிட்டதும் முன்சீட்டைச் சாய்த்து வழி விடச் சொன்னார். இரண்டு கதவு வண்டி. பின்சீட்டில் அவரை ஏற்ற நான்கு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது.

கொடி விழுந்ததும் மாதேஷ் அடிவரைக்கும் மிதித்தான்.

சக்கரம் சுற்றவேயில்லை. நூற்றுப் பத்துக் கிலோவும் நேராகப் பின்சக்கரத்தின்மேல் உட்கார்ந்து டயரைத் தரையோடு அழுத்திக் கொடுத்தது. வண்டி ஒரு குதி குதித்துப் பாய்ந்தது. மாதேஷ் காலை எடுப்பதற்குள் பாதி மைதானம் போய்விட்டது. எடுக்கலாம் என்று பார்த்தால், "உடாதீங்க தம்பி, உடாதீங்க" என்று பின்னாலிருந்து மாமா இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார். சக்திவேல் இம்முறையும் அதே மிதி மிதித்து, அதே இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி வைத்திருந்தான்.

மாமா இறங்கியபோது சிரித்த முகமாக இருந்தார். தன் பக்கம் தோற்றுவிட்டது என்பது அவருக்கு ஞாபகம் வர ஒரு நிமிடம் ஆயிற்று. வந்ததும் முகம் இறுகியது.

இரண்டு ஓட்டம் ஜெயித்தாயிற்று. ஆட்டம் முடிந்தது. மாதேஷ் நேராகக் காளியண்ணனிடம் ஓடி, தன்மேல் தானே புகார் கொடுத்தான். வண்டியில் ஓட்டுகிறவர் ஒருவர்தான் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, நான் ஆளை ஏற்றி ஓட்டினேன், ஆகவே இந்த ஓட்டம் மாப்பிள்ளைக்கே சேரும் என்றான். காளியண்ணன் தாளை எடுத்துப் பார்த்தார். விதி இருந்தது. எழுதியவரே அவர்தான்.

ஒன்றுக்கு ஒன்று என்று அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோகும்போது, சக்திவேல் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது சரியில்லைங்க. ஏறி உக்காந்தது எங்க மாமன். தப்பு எங்க பக்கத்துது. மச்சான் செயிச்சது செயிச்சதுதான்."

"இல்லைங்க மாப்பிள்ளை, கூப்பிட்டது நானுங்க. செயிச்சது நீங்கதான்."

"நான் கெளம்பவே இல்லைங்களே மச்சான்."

"அதனால என்னங்க?"

இரண்டு பேரும் வெற்றியை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டு கூட்டம் கைதட்டியது. இந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகளா என்று யாரோ ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாதேஷுக்கு மட்டும் உள்ளே கொதித்தது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு ரோஷம் இருந்தால் கையில் கொடுத்ததைக்கூட வாங்க மாட்டேன் என்பான். இந்த ரோஷம் நாளைக்கு எங்கே போய் விடியப்போகிறதோ.

கடைசியில் காளியண்ணன் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது ஓட்டம் விதிப்படி செல்லாது. முதல் ஓட்டத்தில் கண்ணில் சேறு விழுந்து பாதிப் பேர் பார்க்கவில்லை, அதனால் அதுவும் செல்லாது. மூன்றாவது ஓட்டம்தான் மொத்தத்துக்கும் முடிவு.

மாதேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராக மரத்தடிக்குப் போனான்.

"பயந்துக்காத கண்ணு. இந்தத் தடவை எப்படியும் தோத்துருவேன்."

வெண்ணிலா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ பாட்டுக்கு ஒழுங்கா ஓட்டுண்ணா. அது போதும்."

சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அந்தக் குரலில் இருந்த கோபம் அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது. இரண்டு முறை சொதப்பியவனிடம் வேறு எப்படிப் பேசுவாள்?

இம்முறை அவன் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. தடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று காளியண்ணனிடம் கேட்டு வாங்கினான். தன் தடத்தில் புல் அமுங்கிப் பாதை மாதிரி ஆகிவிட்டது. அது மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை தோண்டி வைத்த பள்ளம் தனக்கு. அதில் முதல் கியரில் மிதித்தால் பூமிக்குள்ளேயே போய்விடலாம்.

மறுபக்கம் எட்டிப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. டயர் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் சின்னன், மண்டியிட்டு வெள்ளை வண்டியின் பின்சக்கரத்துக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தார். கல் மாதிரி ஆகும்வரை ஏற்றினார். பக்கத்தில் ஸ்டெப்னியும் பின்சீட்டும் கழற்றிக் கிடந்தன. டயர் கடைக்காரனுக்கா தெரியாது, சேற்றில் காற்றைக் குறைக்கவேண்டும் என்று? ஆத்திரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று மாதேஷ் நினைத்தான். பொறுக்கமுடியாமல் பக்கத்தில் போனான்.

"மாப்பிள்ளை, காத்தக் கொஞ்சம் எறக்குனீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

"வேண்டாங்க மச்சான். எனக்கு இப்படித்தான் பழக்கம்."

சின்னன் நிமிர்ந்து எதையோ சொல்ல வந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். வெள்ளத்தில் முங்கின வண்டி விஷயம் மாதேஷுக்கு ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசினாலும் ஆபத்து என்று திரும்பி வந்துவிட்டான்.

மூன்றாவது முறையாகக் கொடி இறங்கியது. இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் அலறின. வெள்ளை வண்டி போட்ட வேகத்தில் அச்சுவரைக்கும் இறங்கி, தரையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது.

சிவப்பு வண்டி பள்ளத்துக்குள் இறங்கி, மாதேஷ் எதிர்பார்த்த மாதிரியே ஒரு நொடி நின்றது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி டயருக்குக் கீழே கரகரவென்று ஒரு சத்தம். மாப்பிள்ளை இரண்டு ஓட்டமாக அங்கிருந்த குழம்பை எல்லாம் வாரிச் சொந்தக்காரர்கள் மேல் அடித்துவிட்டதில், அடியிலிருந்த கப்பிக்கல் பளிச்சென்று வெளியே வந்திருந்தது. கல்லில் பிடி கிடைத்ததும் எஞ்சினுக்குள் இருந்த நானூறு குதிரையும் ஒன்றாக இழுத்தன. வண்டி பள்ளத்திலிருந்து எகிறி வெளியே வந்து விழுந்து ஓடியது.

மாதேஷ் காலை எடுத்தான். வண்டி வந்த வேகத்திலேயே போயிற்று. கோடு நெருங்கியது. வேண்டுமென்றே நின்றான் என்று பேர் வந்தாலும் பரவாயில்லை, தங்கை கல்யாணம்தான் முக்கியம் என்று கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது பிரேக்கின்மேல் ஏறி நின்றான்.

நான்கு சக்கரமும் நின்றுவிட்டன. வண்டி நிற்கவில்லை. மாப்பிள்ளையின் வண்டி இந்தத் தடத்தில் இவ்வளவு தூரம் வந்ததே கிடையாது. அதனால் மூன்று நாள் மழையில் ஊறிய புல் அங்கே அப்படியே இருந்தது. சிவப்பு வண்டி அதன்மேல் வழுக்கிக்கொண்டே அரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தை முன்னால் நீட்டியபடி மெதுவாகக் கோட்டைத் தாண்டி நின்றது. முகம் திரும்பி உட்கார்ந்திருந்ததால், தான் ஜெயித்ததை மாதேஷ் முழுசாகப் பார்க்க முடிந்தது.

காளியண்ணன் மைக்கில் என்ன சொன்னார் என்று அவன் காதில் விழவில்லை. வேடியப்பன் மாமா வேன் பக்கம் நடந்துகொண்டிருந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள். வீராயி அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு இடத்தைக் காப்பியால் இழந்தோம், ஒன்றை வாயால் இழந்தோம், இப்போது மூன்றாவதைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தபோது மாதேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் கட்டின வண்டி. அதை இன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு வெள்ளை வண்டியை நோக்கி நடந்தான். இழுத்துவிடுவதாவது மரியாதை. காலில் விழச் சொன்னால் விழவும் தயாராக இருந்தான். சக்திவேல் ஜன்னல் வழியாகக் காலை வெளியே போட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நான் வேணும்னு..."

சக்திவேல் அவன் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவனைத் தாண்டிச் சில்வர் ஓக் மரத்தடியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனான். போய் நேருக்கு நேர் நின்று வேண்டாம் என்று சொல்லப்போகிறான் என்று மாதேஷ் திரும்பிக்கொண்டான். அதைப் பார்க்க அவனால் ஆகாது. கயிற்றின் ஒரு நுனியைச் சின்னனிடம் நீட்டினான்.

சின்னன் அதை வாங்கி, சேற்றுக்குள் கையை விட்டுக் கொக்கியைத் தேடி மாட்டிவிட்டு, நெற்றி வேர்வையை முழங்கையால் வழித்துக்கொண்டு சொன்னார்.

"கடைசீல நீங்க பிரேக்கப் போட்டதும் எங்க மொதலாளிக்கு உசுரே இல்லைங்க, எங்கண்ணன இத்தன சனத்துக்கு முன்னால தோக்கடிச்சீங்கன்னா புதங்கெழமை எங்கூட்டுப் பக்கமே வரவேண்டாம்னு, சீட்டு எடுத்த கையோட உங்க தங்கச்சி போன்ல சொல்லிப்போடுச்சுங்களே."